நார்த் யார்க் மூர்ஸில் மவுண்டன் பைக்: எந்தப் பக்கம் போவது?

லீட்ஸ், யார்க், மிடில்ஸ்பரோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் யாராவது மவுண்டன் பைக் வாங்கினால் அடுத்து வரும் கேள்வி இதுதான்: "டால்பிக்குப் போகலாமா, சட்டன் பேங்க் போகலாமா?" இரண்டுமே நல்ல இடங்கள். ஆனால் முடிவெடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது ட்ரெயிலின் நிறத்தை. பச்சை என்றால் எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். பாதை எவ்வளவு கரடுமுரடு என்பதை நிறம் சரியாகவே சொல்லும். முந்தின நாள் பெய்த மழைக்குப் பிறகு அந்த மண் எப்படி இருக்கும், விழுந்தால் உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கூட வந்த குடும்பம் மூன்று மணி நேரம் என்ன செய்யும் என்பதெல்லாம் நிறத்தில் இல்லை. இந்தப் பகுதியில் இடத்தைத் தேர்வு செய்ய இந்த மூன்று கேள்விகள்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். அதனால் அவற்றை வைத்தே ஒவ்வோர் இடமாகப் பார்க்கிறேன்.

முதலில் மண். 1952-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நார்த் யார்க் மூர்ஸின் பரப்பு 1,436 சதுர கிலோமீட்டர். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒரே மேட்டுநிலம் போலத் தெரியும். டயருக்கு அடியில் இருப்பது இரண்டு வேறு நிலங்கள். மேற்கு ஓரத்தில் ஹாம்பிள்டன் குன்றுகள், தெற்கு ஓரத்தில் டேபுலர் குன்றுகள். இவை சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்பு கலந்த மணற்கல்லுமாக இருப்பதால் மழைநீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். நடுவில் இருப்பதுதான் மூர். ஹெதர் புதர் மண்டிய, மரமே இல்லாத உயர்நிலம். அங்கே மணற்கல்லின் மேல் பீட் என்ற கரிய மண் படிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் முழுதாக மட்காமல் சேர்ந்து உருவான மண் அது. தண்ணீரைப் பிடித்தால் எளிதில் விடாது. மழைக்குப் பிறகு அதில் பைக் ஓட்டுவது நடவுக்குத் தயாரான வயலில் சைக்கிள் விடுவது போலத்தான். சட்டன் பேங்க், டால்பி இரண்டும் முதல் வகை நிலத்தில் இருக்கின்றன. ட்ரெயில்களில் பல இடங்களில் கல்லும் கொட்டிக் கெட்டித்திருக்கிறார்கள். பிப்ரவரியில்கூட அங்கே ஓட்ட முடிவது இதனால்தான்.

சட்டன் பேங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தர்ஸ்க்கிலிருந்து கிழக்கே ஏ170 சாலையில் போனால் ஒரு செங்குத்தான ஏற்றம் வரும். நாலுக்கு ஒன்று சாய்வு. கேரவன் வண்டிகளுக்கு அங்கே அனுமதியே இல்லை. ஏறி முடித்த இடத்தில் தேசியப் பூங்காவின் மையம் இருக்கிறது. காஃபே, கழிப்பறை, பைக் வாடகை, கற்றுக்கொள்பவர்களுக்கான பயிற்சித் தடம், பம்ப் ட்ராக் எல்லாம் ஒரே இடத்தில். பம்ப் ட்ராக் என்றால் மேடும் பள்ளமுமாக வளைந்து திரும்பும் சிறு சுற்றுத்தடம். பெடல் மிதிக்காமல் உடம்பை அழுத்தி எழுப்பியே வண்டியை ஓட வைக்க வேண்டும். குழந்தைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் நேரமாகும். ஆனால் பெரியவர்களும் அங்கே ஒரு அரை மணி நேரம் செலவழிப்பது நல்லது. மேட்டில் உடம்பைத் தளர்த்துவதும் பள்ளத்தில் அழுத்துவதும் பிடிபட்டுவிட்டால் பிறகு எந்த ட்ரெயிலிலும் உதவும்.

பச்சை, நீலம், சிவப்பு மூன்று நிறத்திலும் பாதைகள் மையத்திலிருந்தே தொடங்குகின்றன. செங்குத்துப் பாறை விளிம்பை ஒட்டிய பகுதியில் கீழே கோர்மயர் ஏரியும் அதற்கு அப்பால் சமவெளியும் விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் எதிரே பென்னைன் மலைகள் வரை தெரியும். தெற்கே கொஞ்சம் போனால், 1857-இல் மலைச்சரிவில் செதுக்கிய கில்பர்ன் வெள்ளைக் குதிரை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் இதுதான். அவர்கள் விளிம்போரமாக ஒரு நடை போய்விட்டு காஃபேயில் உட்காரலாம். பிள்ளைகள் பம்ப் ட்ராக்கில் இருப்பார்கள். நீங்கள் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வரும்வரை யாருக்கும் அலுக்காது.

நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று வருபவருக்குக் குறியிட்ட பாதைகள் மட்டும் இங்கே போதாது. ஆனால் சட்டன் பேங்கின் உண்மையான மதிப்பு அதன் வடக்கே இருக்கிறது என்பேன். அங்கிருந்து ஆஸ்மதர்லி நோக்கிப் போகும் ஹாம்பிள்டன் ட்ரோவ் ரோடு ஒரு பழைய மாட்டுப் பாதை. ஸ்காட்லாந்திலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டி வந்தவர்கள் சுங்கச் சாலைகளில் காசு கொடுக்காமல் தெற்குச் சந்தைகளுக்குப் போக இந்த மேட்டு வழியைத்தான் பிடித்தார்கள். மந்தை போன பாதை என்பதால் அகலம். சுண்ணாம்பு நிலம் என்பதால் பெரும்பகுதி கெட்டித் தரை. வடக்கே பிளாக் ஹாம்பிள்டனை நெருங்கும்போது வயல்வெளி முடிந்து ஹெதர் ஆரம்பித்துவிடும். மூருக்குள் முதன்முதலாகப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இந்தப் பூங்காவில் இல்லை. வழி தவறுவது கடினம், சேறும் குறைவு, எப்போது வேண்டுமானாலும் வந்த பாதையிலேயே திரும்பிவிடலாம்.

அடுத்து டால்பி. முதல் உலகப் போரில் பிரிட்டன் மரத்துக்குத் திண்டாடியது. அதன் விளைவாக 1919-இல் வனத்துறை ஆணையம் அமைந்தது. அப்புறம் பிக்கரிங், தார்ன்டன்-லி-டேல் பக்கத்து மேடுகளில் ஊசியிலை மரங்களை நட்டு வளர்த்த காடுதான் டால்பி. இன்றும் வெட்டி விற்கும் காடாகவே இருக்கிறது. அதனால் மரம் வெட்டும் காலத்தில் ட்ரெயிலின் ஏதாவது ஒரு பகுதியை மூடித் திருப்பி விடுவார்கள். போகும் முன், காட்டை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து அமைப்பின் தளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். காட்டுக்குள் போகும் சாலைக்குக் கட்டணம் உண்டு. ஒரு காருக்கு என்று வாங்குவதால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் சுமை குறையும்.

பைக் ஓட்டுவதற்கென்றே வெட்டிய பாதை என்று பார்த்தால் இந்தப் பகுதியில் டால்பிக்கு நிகரில்லை. பச்சைப் பாதை சில கிலோமீட்டர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். நீலப் பாதை 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். சிவப்பு 30 கிலோமீட்டரைத் தாண்டும், கறுப்பு 6 கிலோமீட்டர்ச் சொச்சம். கறுப்புப் பாதைக்கு ஒரு பெருமை உண்டு. 2010-லும் 2011-லும் மவுண்டன் பைக் உலகக் கோப்பையின் கிராஸ் கன்ட்ரி சுற்றுகள் இங்கே நடந்தன. உலகின் முதல்தர வீரர்கள் சுற்றிச் சுற்றி வந்த தடம் அது. மெடூசாஸ் டிராப் என்ற இறக்கத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்தால், பந்தய வேகத்தில் அதை அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று மலைப்பாக இருக்கும். ஓட்டத் துணிவில்லை என்றால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம், தவறே இல்லை.

ஆனால் டால்பிக்குப் போகும் நம்மவர்கள் திணறுவது பெரும்பாலும் சிவப்பில்தான். தனித்தனியாகப் பார்த்தால் அதில் மிரட்டும் இடங்கள் குறைவு. வேர்கள், கல் படிகள், நெருக்கமான வளைவுகள் எல்லாம் உண்டு, ஆனால் எதுவும் கொலைகாரத்தனம் கிடையாது. சோர்வைக் கொடுப்பது நீளமும் ஓயாமல் வரும் சின்னச் சின்ன ஏற்றங்களும். 20 கிலோமீட்டர் தாண்டியதும் கால் தளரும், பிரேக் பிடிக்கும் கை மரத்துப்போகும். கவனம் சிதறுவதும் விழுவதும் அப்போதுதான். நல்லவேளையாக இந்தப் பாதை பல இடங்களில் காட்டுச் சாலைகளைக் கடக்கிறது. எங்கே வேண்டுமானாலும் விட்டு விலகிச் சாலை வழியே கார் நிறுத்தத்துக்கு வந்துவிடலாம். முழுச் சுற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதி ஓட்டிவிட்டு மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிக்சன்ஸ் ஹாலோ என்ற பைக் பார்க் டால்பிக்குள்ளேயே, காட்டுச் சாலையின் மேல்பக்கத்தில் இருக்கிறது. பம்ப் ட்ராக், ஜம்ப்கள், பலகைத் தடங்கள் கொண்ட இடம். சிங்கிள்ட்ராக்ஷன் என்ற உள்ளூர்த் தன்னார்வக் குழுவினர் இதற்கும் டால்பியின் ட்ரெயில்களுக்கும் நிறைய உழைத்திருக்கிறார்கள். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வார இறுதிகளைக் கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு ட்ரெயில் தானாக நிலைத்து நிற்காது. ஒரு மழைக்காலம் போதும், நடுவில் வாய்க்கால் விழுந்துவிடும். சேறாக இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு புல்லில் ஓட்டினால் பாதை அகன்று இன்னும் கெடும். சேற்றின் நடுவிலேயே ஓட்டிவிடுங்கள். அந்த உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

டால்பியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. அங்கே நீங்கள் மூரைப் பார்க்க மாட்டீர்கள். மணிக்கணக்கில் ஸ்ப்ரூஸும் பைனும்தான் இருபுறமும். ஆகஸ்டில் ஹெதர் பூத்து மலையே ஊதாவாக மாறியிருக்கும் நேரத்தில் மரங்களுக்கு நடுவே சுற்றிவிட்டு வீடு திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால் ஆகஸ்டில் டால்பி வேண்டாம் என்றே சொல்வேன். காற்றும் சாரலுமாக இருக்கும் நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்கள்தான் டால்பியின் காலம். மரங்கள் காற்றைத் தடுத்துவிடும்.

குதிப்பதிலும் செங்குத்தாக இறங்குவதிலும்தான் மோகம் என்றால் பூங்காவை விட்டு வெளியே, வடமேற்கே டர்ஹம் மாவட்டத்திலுள்ள ஹாம்ஸ்டர்லி காட்டுக்குப் போக வேண்டும். அது நார்த் பென்னைன்ஸ் மூரின் விளிம்பில் இருக்கிறது. அங்குள்ள டிசெண்ட் பைக் பார்க் இறக்கத்துக்கென்றே அமைத்தது. அப்லிஃப்ட் நடக்கும் நாள்களில் வண்டியே உங்களையும் பைக்கையும் மேலே ஏற்றிவிடும், நீங்கள் இறங்க மட்டும் செய்தால் போதும். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் இறக்கப் பந்தயத்துக்கு ஒரு வலுவான பாரம்பரியம் உண்டு. 2011-லும் 2016-லும் டவுன்ஹில் உலகச் சாம்பியனான டேனி ஹார்ட், ரெட்கார்க்காரர். முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் முழங்கை கவசம் இல்லாமல் அங்கே போக வேண்டாம். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. பெருங்காற்று அடித்த வாரங்களில் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மவுண்டன் பைக் என்ற பெயர் இருந்தாலும் மலையேறும் ஆசை எல்லோருக்கும் இருக்காது. அவர்களுக்கு சிண்டர் ட்ராக். ஸ்கார்பரோவிலிருந்து விட்பி வரை 1885-இல் தொடங்கி 1965-இல் மூடிய ரயில் பாதையின் தடம் இது. சுமார் 35 கிலோமீட்டர், கடலை ஒட்டியே பெரும்பகுதி. ரயில் ஓடிய தடம் என்பதால் சாய்வு மென்மையாகத்தான் இருக்கும், ஆனாலும் நடுவில் ரேவன்ஸ்கார் வரை ஏறிக்கொண்டே போகும் நீளமான ஏற்றம் களைப்பைத் தரும். ராபின் ஹூட்ஸ் பேயில் நிறுத்திச் சாப்பிடலாம். விட்பிக்குச் சற்று முன்னால் எஸ்க் ஆற்றின் மேல் 13 வளைவுகளோடு நிற்கும் லார்பூல் பாலத்தைக் கடப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லாத பாதை. போக மட்டும் என்றால் ஒரு நல்ல நாள் வேலை. போய்த் திரும்புவதென்றால் உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்போது நடு மூர். எனக்கு இந்தப் பகுதியில் அதிகம் பிடித்தது இதுதான், முதல் முறை வருபவரிடம் கடைசியாகச் சொல்வதும் இதைத்தான்.

இங்கே நிறக் குறி, அம்புக்குறி, காஃபே எதுவும் கிடையாது. ஓட்டும் உரிமையே வேறு மாதிரி. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டின் கன்ட்ரிசைடு சட்டம் பிரைடில்வே எனும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும். ஃபுட்பாத் என்று குறித்த பாதையில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மூர் நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது உண்மை, ஆனால் அது நடந்து போவதற்கு மட்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொண்டால் கிட்டத்தட்ட எங்கும் ஓட்டலாம். அங்கே பழகியவர்கள் எல்லை தாண்டி இங்கே வரும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எது பிரைடில்வே என்று தெரிந்துகொள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் வேண்டும். மேற்குப் பாதிக்கு ஓஎல்26, கிழக்குப் பாதிக்கு ஓஎல்27. பச்சை நிறத்தில் நீளமான கோடுகளாக விட்டுவிட்டு வருவது பிரைடில்வே, குட்டையான கோடுகளாக வருவது ஃபுட்பாத். ஏகார்ன் எனும் ஓக் மரக் கொட்டையின் படம் போட்ட கம்பம் கண்ணில் பட்டால் அது கிளீவ்லேண்ட் வே. 1969-இல் திறந்த 109 மைல் நடைப்பாதை. அதில் சில பகுதிகள் மட்டும் பிரைடில்வே மேல் போகின்றன. மற்ற இடங்களில் சைக்கிளோடு இறங்கினால் எதிரே வருபவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ட்ரோவ் ரோடு முடித்தவருக்கு நடு மூரில் இரண்டு வழிகள் சொல்வேன். ஒன்று லெவிஷம் மூர். பிக்கரிங்–விட்பி சாலையில் சால்டர்கேட் கார் நிறுத்தம். எதிரே ஹோல் ஆஃப் ஹார்கம் என்ற மாபெரும் கிண்ணப் பள்ளம், ஆழம் 120 மீட்டர் வரும். ஊற்றுநீர் மலையை அடியிலிருந்து அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளம் அது. அதன் மேற்கு விளிம்பில் மூரின் மேலாகப் போகும் குதிரைப் பாதை லெவிஷம் கிராமத்தில் கொண்டுபோய் விடும். தூரம் குறைவு, சாலையும் பக்கம், காட்சியோ அபாரம்.

இன்னொன்று பிளேக்கி ரிட்ஜ். ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் 19-ஆம் நூற்றாண்டில் இரும்புத் தாது தோண்டினார்கள். அதை ஏற்றிச் செல்ல மூரின் உச்சியிலேயே ரயில் பாதை போட்டார்கள். 1861-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1929-இல் நின்றது. தண்டவாளம் போய்விட்டது, தடம் அப்படியே இருக்கிறது. லயன் இன் விடுதிக்கு அருகிலிருந்து அந்தத் தடத்தில் ஏறினால், ஃபார்ன்டேல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு சுமார் 9 கிலோமீட்டரில் பிளவர்த் கிராசிங் வந்து சேரும். ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், ஆனால் ஏற்ற இறக்கமே தெரியாது. நிலக்கரிச் சாம்பலும் கல்லும் கலந்த தரை என்பதால் பீட் சேறும் அதிகம் இல்லை. புதிதாக ஓட்டுபவர்கூடப் பெடலை மிதித்துக்கொண்டே போய்விடலாம். சவால் முழுக்கக் காற்றிடம் இருக்கிறது. வழி நெடுக ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. மேற்குக் காற்று அடிக்கும் நாளில் திரும்பி வரும்போது காற்று முதுகில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது முகத்தில் வாங்கிக்கொண்டால் வரும்போது அது தள்ளிக்கொண்டு வரும்.

இவற்றுக்கு அப்பால் போனால் மூரின் முழு முகம் தெரியும். ட்ராட் எனப்படும் பழைய கல் பாவிய தடங்களைப் பார்ப்பீர்கள். ஒரே வரிசையாகப் பலகைக் கற்களைப் பதித்து, பொதி சுமக்கும் குதிரைகள் சேற்றில் புதையாமல் போகச் செய்த ஏற்பாடு. பல நூற்றாண்டுக் குளம்படியும் காலடியும் பட்டு நடுவில் குழிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது அதன் மேல் ஓட்டுவது தனிச் சுகம். நனைந்துவிட்டால் பாசி வழுக்கும், அப்போது இறங்கித் தள்ளிவிடுங்கள். குறுக்குச் சாலைகளில் பழைய கற்சிலுவைகள் நிற்கும். வெள்ளை அடித்த குட்டைக் கல் ஒன்றுக்கு ஃபேட் பெட்டி என்று பெயர். வழிப்போக்கர்கள் அங்கே ஏதாவது தின்பண்டம் வைத்துவிட்டு, இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம்.

உதவி எவ்வளவு தூரம் என்ற கேள்வி மூரில்தான் உண்மையாகவே கனக்கும். டால்பியில் விழுந்தால் பத்து நிமிடத்தில் பின்னால் யாராவது வருவார்கள். மூரில் ஒரு வார நாள் பிற்பகலில் அப்படி எதிர்பார்க்க முடியாது. பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காமல் போகும். வட கடலிலிருந்து கிளம்பும் கடல்மூடுபனி வெயில் நாளிலும் சட்டென்று ஏறி வந்து 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். அடிபட்டால் 999-ஐ அழைத்து போலீஸைக் கேளுங்கள், அவர்களிடம் மவுண்டன் ரெஸ்கியூ வேண்டும் என்று சொல்லுங்கள். கிளீவ்லேண்ட் குழுவும் ஸ்கார்பரோ–ரைடேல் குழுவும் இங்கே இயங்குகின்றன. எல்லோரும் தன்னார்வலர்கள். அவர்கள் வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க உடம்புச் சூடு குறையாமல் இருக்க ஒரு கூடுதல் உடுப்பும் மழைக் கோட்டும் கோடையிலும் பையில் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்ப்பும் இல்லாமல் போகவே கூடாது. தனியாகப் போவதென்றால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூர் வேறு பலருக்கும் பிழைப்பு, வேறு பலவற்றுக்கு வீடு. மார்ச் முதல் ஜூலை வரை கர்லூ, கோல்டன் ப்ளவர், ரெட் கிரவுஸ் பறவைகள் தரையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பாதையை விட்டு ஹெதருக்குள் ஓட்டினால் கூட்டை மிதித்துவிடுவோம். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை கிரவுஸ் வேட்டைக் காலம். குதிரைப் பாதையை அதற்காக மூட மாட்டார்கள், ஆனால் வேட்டை நடக்கும் இடத்தில் நிறுத்திச் சைகை கிடைத்த பிறகு கடப்பதுதான் பாதுகாப்பு. ஆட்டு மந்தையைக் கண்டால் வேகம் குறையுங்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். 2025 ஆகஸ்டில் லாங்டேல் மூரில் பிடித்த தீ வாரக்கணக்கில் அணையாமல் கிடந்தது. காய்ந்த பீட் மண்ணுக்கு அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும், அதனால்தான் அணைப்பது அவ்வளவு கடினம். டீ போட அடுப்பு கொண்டுபோவதை விட்டுவிட்டு ஃபிளாஸ்கில் எடுத்துப் போகலாம். வீடு வந்ததும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பக்கூடியவை அவை. கடித்த இடத்தைச் சுற்றிச் செந்தடிப்பு பரவினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மின்சார பைக் வைத்திருப்பவர்கள் தாராளமாக மூருக்குப் போகலாம். ஆனால் மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, மணிக்கு 15.5 மைல் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும், ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் சக்தி இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனம், குதிரைப் பாதையில் அதற்கு இடமில்லை. பேட்டரி தீர்ந்த பிறகு அந்த எடையை எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, என்னிடம் கேட்டால் எப்படி வரிசைப்படுத்துவேன்? குடும்பத்தோடு முதல் முறை என்றால் சட்டன் பேங்க். பம்ப் ட்ராக்கில் தொடங்கி நீலப் பாதை வரை போதும். ஓட்டுவதில் கொஞ்சம் தைரியம் வந்தபின் டால்பி நீலம், அப்புறம் சிவப்பில் பாதி. நல்ல வெயில் வாரம் ஒன்று வாய்க்கும்போது ட்ரோவ் ரோடு, அதற்கு அடுத்து பிளேக்கி ரிட்ஜ். இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாடகை பைக்கில் ஒரே ஒரு நாள் வருகிறார்கள் என்றால் மழை நாளில் டால்பி, காய்ந்த நாளில் ட்ரோவ் ரோடு என்று வானிலையைப் பார்த்துக் காலையில் முடிவு செய்யச் சொல்வேன். ஹாம்ஸ்டர்லி இந்த வரிசையில் சேராது. அந்த மோகம் உள்ளவர்கள் யாரிடமும் கேட்காமலே போய்விடுவார்கள்.

பொழுதையும் பாருங்கள். ஜூன் நடுவில் இரவு 9.40 வரை வெளிச்சம் இருக்கும், வேலை முடித்து மாலையில்கூட ஒரு சுற்று போகலாம். டிசம்பர் நடுவில் மாலை 3.40-க்கே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் மூருக்குப் போனால் மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பத் தொடங்கிவிடுவது நல்லது.

கார் இல்லாதவர்களுக்கு டால்பியும் சட்டன் பேங்கும் சிரமம்தான். பஸ்ஸில் ஆள் போகலாம், பைக் ஏறுவது சந்தேகம். தர்ஸ்க் ஸ்டேஷனில் இறங்கினாலும் அந்த நாலுக்கு ஒன்று ஏற்றத்தை மிதிக்க வேண்டும். ஆனால் மூருக்கு ரயில் இருக்கிறது. மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி போகும் எஸ்க் பள்ளத்தாக்கு ரயில் காசில்டன் மூர், டான்பி, கிளெய்ஸ்டேல் என்று மூரின் நடுவிலேயே நின்று நின்று போகிறது. காசில்டன் மூரில் இறங்கித் தெற்கே சாலையில் ஏறினால் பிளேக்கி ரிட்ஜ் போய்ச் சேரலாம். நீண்ட ஏற்றம், ஆனால் வண்டிகள் குறைவு. ரயில் பெட்டியில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், அதனால் நாலைந்து பேராகச் சேர்ந்து கிளம்பாமல் இரண்டு பேராகப் போங்கள். நாளுக்கு ஓடுவதும் சில ரயில்கள்தான் என்பதால், திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.